பல் பட்ட கை

கல்முனையில் எங்கள் கடைக்குக் கொத்து ரொட்டி சாப்பிட வருகிறவர்கள் இரும்புத் தகடுகளால் ரொட்டி கொத்தும் ஜெமீலின் கைக்காகத்தான் வருவார்கள். நான் அதே கடையில் தேநீர் ஆற்றுகிறவன். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது எங்கள் பக்க வழக்கம். தகப்பன் இல்லாத தன் தங்கை சுபைறாவுக்கு அந்த வீட்டை ஜெமீல் கொத்துப் போட்டே கட்டினான்.

அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை ஜவுபர், அவளையே கை நீட்டி அடித்தான். ஒரு நாள் ஜெமீல் பொறுக்க மாட்டாமல் அவன் வாயில் குத்தினான். பல் ஏறி ஜெமீலின் நடுவிரல் முட்டி கிழிந்தது. பெரியவர்கள் அப்போதே இருவரையும் பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டு ஸலாம் சொல்ல வைத்து, இதை இனி யாரும் கதைக்கக் கூடாது என்று முடித்துவிட்டார்கள். அடி வாங்கியவளை யாரும் கேட்கவில்லை.

இரத்தம் நிற்காததால் நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வீட்டு வாசல்வரை வந்த சுபைறா தன் அண்ணனிடம் கெஞ்சினாள்.

"அடிபுடி எண்டு செல்லிராதீங்க காக்கா. பொலிஸ் வந்தா அந்த மனிசன் என்னை உட்டுட்டுப் போயிருவாரு. ரெண்டு பொம்புளப் புள்ளைகளோட நான் என்ன செய்ற?"

டொக்டர் காயத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பல்லுப் பட்டதா?"

"இல்ல டொக்டர். கொத்துத் தகடு வெட்டின," என்றான் ஜெமீல்.

தகடு வெட்டிய காயமென்று கழுவித் தைத்து, அதற்குரிய மாத்திரையைக் கொடுத்தார்கள். கையில் மனிதப் பல் பட்டால் தைக்காமல் திறந்து விட வேண்டுமாம். வாயிலுள்ள கிருமிகளுக்கு மருந்தும் வேறாம். நாய் கடித்தால் ஊசிக்கு ஓடுகிற ஊர் இது. மனிதப் பல்லை யார் கணக்கில் எடுத்தோம்?

இரண்டொரு நாளில் கை பணிஸ் ரொட்டி போல ஊதி, தையலுக்குள்ளால் நாறிய சீழ் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் டொக்டரிடம் நானே உண்மையைச் சொன்னேன். உடனே தையலைப் பிரித்து, தியேட்டரில் கழுவி, சேலைனோடு வேறு மருந்து ஏற்றினார்கள். கிருமி அதற்குள் மூட்டுக்குள் இறங்கிவிட்டது. விரலை எடுத்தார்கள். மற்ற விரல்களும் விறைத்துப் போயின. இனி அந்தக் கை தகடும் பிடிக்காது, மடங்கவும் மடங்காது.

பொலிஸ் வந்து கேட்டபோது, முறைப்பாடு இல்லை என்றான் ஜெமீல்.

ஜவுபர் நாள் தவறாமல் வந்தான். இறைச்சி சூப் கொண்டுவந்து, தானே கரண்டியால் பருக்கினான். இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைக்கும் என்று வார்டே மெச்சியது. நேற்று அவனுக்குப் பின்னால் சுபைறாவும் நின்றாள். முக்காட்டை இழுத்து மூடியும் கண்ணருகே வீக்கம் தெரிந்தது.

ஜெமீல் அவளைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்து அடுத்த கரண்டியை வாங்கிக்கொண்டான்.