கோட்டை மேட்டில் விசாரணை

பள்ளிக்கூடத்தில் எங்களை ஒருமுறை கோட்டை பார்க்கக் கூட்டிப்போனார்கள். நாங்கள் குடியிருந்த தோர்ண்டன் ஹீத்திலிருந்து பஸ்ஸில் போய் இறங்கினால், மரங்களுக்கு நடுவே புல் மூடிய ஒரு மண்மேடு, அதைச் சுற்றி ஒரு பள்ளம். அவ்வளவுதான். தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் அந்தப் பள்ளத்தை வெட்டி, மண்ணைக் குவித்து, உச்சியில் மரத்தால் கோட்டை கட்டினார்களாம். மரம் உக்கிப்போக மண் மட்டும் மிஞ்சியது. எனக்கு அது போதுமாயிருந்தது. பனிப்புகார் மூடிய காலையில் கண்ணைப் பாதி மூடினால் மரச்சுவர் தானாக எழும்பி நிற்கும்.

எனக்குப் பத்து வயதில், ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்த சித்தப்பாவை அங்கே கூட்டிப்போனேன்.

"கோட்டை எங்கையடா?"

"நீங்கள் மிதிச்சுக்கொண்டு நிக்கிறதுதான்."

"இதுக்கோ சேட்டு அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தனான்?"

அடுத்த கிழமை அவருக்குக் குரோய்டனில் அகதி விசாரணை. பிளேஸ்டோவில் தெரிந்தவர் ஒருவர் அவருக்காக ஒரு கதையைப் பேப்பரில் எழுதிக் கொடுத்திருந்தார். ஊரில் சித்தப்பாவுக்குக் கடை இருந்ததில்லை. பேப்பரில் இருந்தது, அதை ஊருக்குள் புகுந்த ஆமி எரித்தும் இருந்தது. ஒரு சொல் மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா பயந்தார். அவர் பாடமாக்கியதைக் கேட்டுத் திருத்துவது என் வேலை.

வகுப்பில் வாயே திறக்காத நான் அன்று மேட்டின் உச்சியில் அதிகாரியானேன். சரியான பதிலுக்கு ஓரடி மேலே வரலாம். பிழைவிட்டால் திரும்பவும் பள்ளம்.

"ஏன் வந்தனீர்?"

"ஆமி என்ரை கடையை எரிச்சுப்போட்டுது, ஐயா."

"எத்தினை மணிக்கு?"

"ஆறு மணி."

"பிழை. ஏழு. கீழ போங்கோ."

மூன்றாம் முறை இறங்கியவர் ஏறி வரவில்லை. பள்ளம் முழுக்கப் புகார் நிரம்பி, தலை மட்டும் மிதப்பதுபோல் தெரிந்தது. சரிவில் குந்தி, ஈரமண்ணைக் கையால் தடவிக்கொண்டு, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னார்:

"இப்பிடித்தான் மண்ணில வெட்டின ஒரு கிடங்கு. குண்டு விழ, நான் முதல் குதிச்சிட்டன். சிநேகிதன் எனக்கு மேல விழுந்தவன். விடியுமட்டும் அவனோட கதைச்சுக்கொண்டு கிடந்தனான். அவன் ஒண்டும் கதைக்கேல்லை."

நான் பேப்பரைப் பார்த்தேன்.

"அது இதில இல்லை, சித்தப்பா. கடையில இருந்து தொடங்குங்கோ."

"ஓம் துரை" என்று எழும்பி, காற்சட்டையில் ஒட்டிய இலைகளைத் தட்டினார். இந்தமுறை ஒரு பிழையும் இல்லாமல் உச்சிக்கு வந்து சேர்ந்தார். நான் கைதட்டினேன்.

குரோய்டனிலும் அப்படியே ஒப்புவித்தாராம். சில மாதங்களில் கடிதம் வந்தது. அவர் சொன்னது நம்பக்கூடியதாக இல்லையாம். அம்மா அழ, நான் பேப்பரை எடுத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பிழை எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. பள்ளத்தில் இருந்து அவர் சொன்னதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பேப்பரில் இல்லாதபடியால் அது நடக்கவே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.