எழுதாமல் விட்ட பதினாறு வரி

என் மாமனார் கவிஞர். முப்பது ஆண்டு கல்லூரியில் இலக்கணம் நடத்தியவர். நான் பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவர் எழுதிய உரைநூல்கள் அலமாரியில் இரண்டு தட்டை அடைத்துக்கொண்டிருந்தன; நான் அவற்றைத் தூசி தட்டியதோடு சரி. அவருக்குப் பார்வை போனதும், பெற்ற பிள்ளை நேரமில்லை என்று கைவிரித்துவிட, எழுதித்தரும் வேலை என் தலையில் விழுந்தது.

விடிவதற்குள் மனத்துக்குள்ளேயே பாட்டைக் கட்டி முடித்துவிடுவார். டீ குடித்ததும் வரி வரியாகச் சொல்வார். நான் நோட்டில் எழுதுவேன். அதன்பிறகு அந்தப் பாட்டு அவரிடம் இருக்காது.

"உன் நோட்டுக்கு வந்தாச்சுன்னா நான் மறந்துடுவேம்மா. அடுத்ததுக்கு இடம் வேணும்ல?"

ஆறு ஆண்டுகள் இப்படியே ஓடின. ஒருநாள் மதியத்துக்குள் நாற்பது சட்டை கொடுத்தாக வேண்டும். அவர் பாட்டுக்குச் சொல்ல, நான் பட்டன் தைத்துக்கொண்டே வரிக்கு வரி "ம்" கொட்டினேன். நாளைக்கு ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி கேட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம். செத்துப்போன என் மாமியாரைப் பற்றிய பாட்டு அது என்று பாதியில்தான் உறைத்தது. அப்போதும் ஊசியைக் கீழே வைக்கவில்லை. அவ்வளவு திமிர் எனக்கு.

"பதினாறு வரி. எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேன் மாமா."

மறுநாள், "ஒரு வரி சரியா காதுல விழல மாமா" என்று இழுத்தேன். அவர் சிரித்தார்.

"இனிமே என்கிட்ட ஏது? நீ எழுதினதுதான்."

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் கேட்டார்: "அத்தை பாட்டை ஒரு தடவை படி. அவளைப் பத்தி நான் எழுதினது அது ஒண்ணுதான்."

வெற்றுப் பக்கத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரி மட்டும் நினைவிருந்தது. அதைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"விடும்மா. நீயே அழறேன்னா பாட்டு நல்லாத்தான் வந்திருக்கு. போதும்."

வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. கண் தெரியாத மனிதர் முன்னால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் முன்னுரையைச் சொல்லத் தொடங்கினார். 'ஒரு சொல்லையும் விடாமல் எழுதித்தந்த என் மருமகளுக்கு நன்றி' என்று அதில் ஒரு வரி வந்தது.

அதை நான் ஒரு சொல்லையும் விடாமல் எழுதினேன்.