நல்ல காலுக்குச் சூடு தெரியாது

ராக்கம்மாளின் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்த எஸ்டேட்டில் கிடையாது. கொழுந்து நிறுக்கிற மேஸ்திரி முதல் மேல்லைன் வீடுகளைச் சுற்றும் நாய் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யார்? அவளுக்கு வாய்த்த புருஷன் சங்கிலியோ வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவனைப் போல இருப்பான். அவள் பேசுவாள், அவன் கேட்டுக்கொண்டிருப்பான். கல்யாணமான நாளிலிருந்து குடித்தனம் அப்படித்தான் ஓடியது, நன்றாகவே ஓடியது.

சங்கிலிக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடி சில வருஷத்துக்கு ஒருமுறை மரமாக நிமிரப் பார்க்கும். அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்கினால்தான் மறுபடியும் கொழுந்து விடும். வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், மழைத்தண்ணீர் தங்கினால் செடி அழுகிப் போகும். சங்கிலி வெட்டிய குச்சி ஒவ்வொன்றும் கூர் சீவிய பென்சில் மாதிரி நிற்கும். குன்னூர்ப் பக்கத்தில் அப்படி வெட்ட ஆளில்லை என்று ராக்கம்மாள் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

அந்தப் பெருமையே வினையாகப் போயிற்று. ஆவணி மாதம் ஒரு சாரல் நாளில் வெட்டிய கிளைகளை அள்ளிக்கொண்டு பின்னால் நகர்ந்தவன், வாய்க்கால் ஓரத்தில் வழுக்கினான். மல்லாந்து விழுந்தது, காலையில் அவனே வெட்டிவிட்ட செடியின் மேல். கூரான தண்டு ஒன்று முதுகெலும்பை ஒட்டி, வலப்பக்கமாக உள்ளே இறங்கிவிட்டது.

கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து உயிரைப் பிடித்து வைத்தார்கள். ஆனால் வலது கால் வெட்டிப் போட்ட கட்டையாகக் கிடந்தது. இடது கால் சொன்னபடி மடங்கியது, நீண்டது, பக்கத்துக் கட்டில்காரரின் ஆரஞ்சுப் பழத்தை எட்டி உதைக்கவும் செய்தது. ராக்கம்மாள் அன்றே பெயர் வைத்துவிட்டாள். வலது கால் கெட்ட கால், இடது கால் நல்ல கால்.

ஊருக்கு அனுப்பும்போது ஒரு நர்ஸ் சொன்னாள், "இடது காலைப் பத்திரமாப் பாத்துக்கங்கம்மா. சூடு, வலி எதுவும் அந்தக் காலுக்குத் தெரியாது."

ராக்கம்மாள் தலையை ஆட்டிவிட்டு மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். பாவம், விடிய விடிய முழித்த பிள்ளை, இடது வலது மாற்றிச் சொல்லுகிறது. செத்துக் கிடக்கிற காலுக்கல்லவா சூடு தெரியாது? ஆடுகிற காலுக்கு என்ன கேடு? மாற்றிச் சொன்னதைத் திருத்தி அந்தப் பிள்ளையை எதற்குக் கூச்சப்பட வைப்பது என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டாள்.

மார்கழி வந்தது. புல்லெல்லாம் உறைபனி பூத்து வெளுத்துக் கிடந்த ஒரு காலையில் சங்கிலி குளிரில் வெடவெடத்தான். ராக்கம்மாள் சட்டியில் கரிக்கங்கு அள்ளி வந்தாள். கெட்ட காலைக் கம்பளிக்குள் சுருட்டி ஜாக்கிரதையாகத் தள்ளி வைத்தாள். சட்டியை நல்ல காலை ஒட்டி வைத்தாள். சுட்டால் அந்தக் கால் தானே இழுத்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே ஒரு சண்டை நியாயம் கேட்டுக் காத்திருந்தது, விட்டுவிட்டு வர முடியுமா?

திரும்பி வரும்போது வாசலிலேயே வாடை அடித்தது.

"என்னங்க தீயுது?"

"அதான் புள்ள, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். எதுன்னு தெரியல" என்றான் சங்கிலி, சாவகாசமாக.

தீய்ந்தது அவன் கால். இடது கணுக்கால் சட்டியில் சாய்ந்து, தோல் வழன்று போயிருந்தது. அவன் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. ராக்கம்மாள் போட்ட கூச்சலில் லைனே திரண்டுவிட்டது. ஜீப் ஓட்டுகிற பக்கத்து வீட்டுத் தனசிங்கும் இன்னும் மூன்று பேரும் அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். லைன் வரைக்கும் வண்டி வராது, ரோடு கீழே இருக்கிறது. நாலு பேர் தோளில் போவது என்றாலே சங்கிலி கண்ணை மூடிக்கொள்வான். அன்றைக்கும் மூடிக்கொண்டான்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கால் பயிற்சி கொடுக்கிற தாரிணி, அருவங்காடு குவார்ட்டர்ஸ் பெண். காயத்துக்குக் கட்டுப் போட்டு முடிந்ததும் ராக்கம்மாள் அவளைப் பிடித்துக்கொண்டாள். "அதெப்படி கண்ணு, ஆடுற காலுக்குச் சூடு தெரியாமப் போகும்? சாமிக்கே அடுக்குமா?"

தாரிணி வையவில்லை. "திரும்பி நில்லுங்கக்கா" என்று சொல்லி, அவள் முதுகிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

"காலைத் தூக்குன்னு மூளை சொல்லுதில்லீங்களா, அந்த உத்தரவு பிடரிக்கிட்டயே பக்கம் மாறிடும். இடது மூளைதான் வலது காலை ஆட்டும். மாறினப்புறம் நேரா அதே பக்கமா இறங்கிடும். தொட்டாத் தெரியறது, கால் எங்க இருக்குதுன்னு தெரியறது, இதெல்லாம் கால் இருக்கிற பக்கமாவே மேல போயி, பிடரியிலதான் மாறும். சூடும் வலியும் மட்டும் அவ்வளவு தூரம் பொறுக்காது. தண்டுவடத்துக்குள்ள நுழைஞ்ச கையோட எதிர்ப்பக்கம் தாண்டிடும்." விரல் முதுகின் வலப்பக்கத்தில் வந்து நின்றது. "அண்ணனுக்குக் குத்தினது இங்க. வலது காலுக்கு இறங்கற உத்தரவு இங்கயே அறுந்துபோச்சு. இடது கால்லருந்து தாண்டி வந்த சூடும் வலியும் இதே இடத்துலதான் அறுந்துச்சு."

ராக்கம்மாள் சட்டென்று திரும்பினாள். "அப்ப அந்த நர்ஸம்மா சரியாத்தான் சொல்லியிருக்குது" என்றாள். "நாந்தான் புத்தி கெட்ட முண்டம்."

"முழுசா அறுகலைங்கக்கா. வலது கட்டைவிரல் அசையுது பாருங்க, அண்ணன் நடப்பாரு. ஆனா நடக்கணும்னா இடது கால்தான் பாரம் தாங்கணும். அந்தப் புண்ணு ஆறினாத்தான் எல்லாம்."

தாங்குகிற ஒரே காலையும் தன் கையாலேயே சுட்டுவிட்டோம் என்பது அவள் நெஞ்சில் கல்லாக இறங்கியது. வீட்டுக்கு வந்தவள் வாயே திறக்கவில்லை. சோறு வைத்தாள், கட்டு மாற்றினாள், கொழுந்துக்குப் போய் வந்தாள். மேஸ்திரி எடையில் தகராறு செய்தபோதுகூடப் பேசாமல் நின்றாள். மேஸ்திரியே பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

ஒரு நாள் கட்டு மாற்றும்போது சங்கிலி அவள் தலையில் கை வைத்தான். "பேசு புள்ள. ஊடு ஊடாவே இல்ல."

"எந்த வாயை வச்சுப் பேசறது? வலிச்சிருந்தா என்னைய நாலு அறை அறைஞ்சிருப்பீங்க. வலிக்கவும் இல்லையே உங்களுக்கு!" என்று உடைந்து அழுதாள்.

"அறையற மூஞ்சியா இது?" என்றான் அவன். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

அதன் பிறகு அவள் குளிக்க வைக்கிற முறையே மாறியது. வெந்நீரை விளாவி, கெட்ட காலின் விரலை முதலில் நனைப்பாள். "போதுமா?" என்று கேட்பாள். அந்தக் கால் சரி என்று சொன்னால்தான் நல்ல காலுக்குத் தண்ணீர். அவசரப்பட்டு வைத்த பெயரை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மாசி கடந்து பங்குனி நடுவில் புண் ஆறியது. சங்கிலி சுவரைப் பிடித்து நின்றான், அப்புறம் கோல் ஊன்றி நடந்தான். வலது காலுக்குப் பாதி பலம் வந்திருந்தது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. குனிந்து பார்த்தபடியேதான் அதை எடுத்து வைக்க வேண்டும், கண்ணை எடுத்தால் விழுந்துவிடுவான். "புதுப்பொண்ணாட்டம் தலை நிமிர மாட்டேங்கிறீங்க" என்று ராக்கம்மாள் கேலி செய்தாள். பழைய வாய் திரும்பிவிட்டதில் அவனுக்குச் சந்தோஷம்.

சித்திரையில் குன்னூருக்குப் போகிற முறை வந்தபோது நாற்காலி வேண்டாம் என்றான். "நடந்தே இறங்கறேன். முடியலைன்னா இனிமே எங்கயும் வரல, ஊட்டுலயே கிடக்கறேன்." அவன் சொன்னால் சொன்னதுதான். தனசிங் ஜீப்பை ரோட்டில் கொண்டுபோய் நிறுத்திக் காத்திருந்தான்.

பாதிச் சரிவு வரை நன்றாகவே இறங்கினான். அப்போதுதான் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் செடி மறைந்தது, பாதை மறைந்தது, இடுப்புக்குக் கீழே அவனே மறைந்துவிட்டான்.

சங்கிலி அப்படியே நின்றான். "ராக்கு, கால் எங்க? காலைக் காணோம் புள்ள. என்னால முடியாது. நாற்காலிய வரச் சொல்லிரு."

இப்போது நாற்காலி வந்தால் இவன் இனி எழுந்திருக்கவே மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஈரப் பாதையில் பொத்தென்று உட்கார்ந்து, துழாவி, அவனுடைய வலது கணுக்காலைப் பிடித்தாள்.

"என் கை தெரியுதா?"

"கை தெரியல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க!"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "சூடு தெரியுது."

"எங்க?"

"கரண்டைக்கிட்ட."

"அங்கதான் இருக்குது உங்க காலு. எங்கயும் ஓடிப் போயிடல. சூட்டு மேல நெனப்ப வச்சுத் தூக்குங்க, எங்க எறக்கணுமோ அங்க நான் கொண்டுபோறேன்."

தூக்கினான். அவள் கை அந்தக் காலோடு போய் ஒரு படி கீழே இறங்கியது. பாதம் மண்ணில் அமர்ந்தது. மறுபடியும். அவள் குந்தியபடியே பின்னுக்கு நகர்ந்தாள், கல் குத்தியது, புடவையெல்லாம் சேறு. மேகத்தைத் திட்டினாள், பாதை போடாத நிர்வாகத்தைத் திட்டினாள், தேயிலையைக் கண்டுபிடித்தவனைத் திட்டினாள். கீழே இருந்த தனசிங்குக்கு ஆள் தெரிவதற்கு முன்னால் குரல்தான் வந்து சேர்ந்தது.

கடைசி வளைவில் வெளிச்சம் விட்டது. பத்தடி கீழே ரோடு. சங்கிலி குனிந்து பார்த்தான். அவள் இரண்டு கையாலும் அவன் இரண்டு கணுக்காலையும் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ராக்கு" என்றான். "இந்தக் கால்ல உன் கை தெரியுது, சூடு தெரியல. அந்தக் கால்ல சூடு தெரியுது, கை தெரியல. ரெண்டையும் சேத்துப் புடிச்சாத்தான் நீ முழுசா வர்ற."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டையும் புடிச்சுக்கிட்டா அப்புறம் நடக்கறது எப்படிங்க?"

கீழே தனசிங் ஹாரன் அடித்தான்.

"நடக்க வேண்டாம்" என்றான் சங்கிலி. "செத்த நேரம் இப்படியே நிக்கலாம்."