முனியம்மா அத்தையின் நிரை

மம்பாவ் வீடமைப்புப் பகுதியின் ஓரத்தில் எஞ்சி நிற்கும் ஒற்றை இரப்பர் மரத்தை எவரோ கீறிவிட, வழிந்த பால் மழையில் புளித்துக் கிடந்தது. அவ்வாடையில் அழிந்துபோன எங்கள் தோட்டம் எழுந்து வந்தது, கூடவே முனியம்மா அத்தையும்.

படைவீரனான ஒரே மகன் எல்லைக்காட்டில் மாண்டபின் அத்தை வீட்டை விட்டு வெளிவரவில்லை. அவருக்கென ஒதுக்கிய மரவரிசையான நிரையைப் பால்வெட்டாமல் விட்டால் அது பிறருக்குப் போய்விடும், நிரை போனால் தோட்டம் தந்த லயத்து வீடும் போய்விடும் என்பதால், என் அம்மா உள்ளிட்ட ஐந்து பெண்கள் விடியற்பனியில் தத்தம் மரங்களுக்கு முன்பாக அத்தையின் மரங்களை வெட்டி, மங்குகளில் சொட்டிய பாலை அவருடைய வாளியிலேயே, அவர் கணக்கில் எடைபோட, நிறுவைக்குச் சுமந்தனர்.

ஒன்றரை மாதம் கழித்து, ஐவரும் வெட்டிக்கொண்டிருக்கையில் நிரைக்கு வந்த அத்தை, பட்டைகளை விரலால் தடவியவாறு நடந்து ஒரு மரத்தருகே நின்றார்.

“இது உன் கைதானே லட்சுமி? இவ்ளோ ஆழமாவா வெட்டுவ? மரம் காயமாயிருச்சு லா.”

“அவசரத்துல வெட்டிட்டேன் அண்ணி,” என்றார் அம்மா.

“என்னா அவசரம்? கத்தியக் குடு.”

அவர் வெட்டிக்கொண்டே ஒவ்வொருவரையும் திட்டினார். தத்தம் நிரை காத்திருந்தும், திட்டி முடிக்கும்வரை ஐவரும் நகரவில்லை.