"எங்க நாய் இல்லீங்க"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தாறு வாக்கில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி மூணு வருஷம் இருக்கும். எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டை ரோட்டில் இருக்கிறது. புதுக்கோட்டை டவுனுக்கு ஏழெட்டு மைல். நான் நாலாவது வரைக்கும் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு நாய் இருந்தது. நிறமும் செவலை, பேரும் செவலை. நான் வாழ வந்தபோதே அதற்கு வயசாகிவிட்டது. புது இடத்தில் யாரோடும் பேசக் கூசிக்கொண்டு நான் கொல்லைப்பக்கம் நின்றால், அதுதான் வந்து பக்கத்தில் உட்காரும். கடலைக் காட்டுக்குச் சோறு கொண்டுபோனால் முன்னால் ஓடும், திரும்பிப் பார்க்கும், நான் வந்து சேர்ந்ததும் மறுபடி ஓடும்.

ஒருநாள் எரு ஏற்றிய வண்டிச் சக்கரம் அதன் பின்னங்காலில் ஏறிவிட்டது. மூட்டு வீங்கிப் பந்து மாதிரி ஆகிவிட்டது. மாமியார் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டார். வீக்கம் வடியவில்லை. சோறு வைத்தால் என் முகத்தைப் பார்க்கும், தின்னாது.

அந்தச் சமயம் உழவு மாடு ஒன்றுக்குக் கழுத்தில் புண். என் வீட்டுக்காரர் அதை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு டவுன் மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நான் நாயைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். வாய்விட்டுக் கேட்கத் தெரியாது எனக்கு. அவர் பார்த்துச் சிரித்தார். "சரி, ஏறு. மாட்டோட மாடா அதையும் காட்டுவோம்."

மாட்டுக்கு மருந்து வாங்கியதும், "நாய்க்கு முறை வர நேரமாகும். பிண்ணாக்கு வாங்கிட்டு வாரேன், நீ இங்கிட்டே இரு" என்று கடைவீதிக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரி வாசல் மரத்தடி முழுக்க ஆம்பளைகளும் மாடுகளும். நான் ஒருத்திதான் பொம்பளை. பக்கத்தில் சினைப்பசுவோடு ஒரு மீசைக்காரர் நின்றார்.

"ஏ ஆத்தா, நாய்க்குமா ஆஸ்பத்திரி? நாளைக்குக் கோழிக்குச் சளி புடிச்சாலும் தூக்கிட்டு வந்துருவீங்க போல!"

"கோழிக்குச் சளின்னா டாக்டர் எதுக்கு? மிளகு அரைச்சுக் குழம்பு வச்சிர வேண்டியதுதான்!" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கம்பவுண்டர் வந்து, "இந்த நாய் யாருது?" என்று கேட்டார்.

"எங்க நாய் இல்லீங்க. ரோட்டோரம் கெடந்துச்சு. பாவமேன்னு..." என்றேன்.

என் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்த செவலை, என் குரலைக் கேட்டதும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. வாலையும் ஆட்டியது.

டாக்டர் வந்து மூட்டை அமுக்கிப் பார்த்தார். "உள்ளே எலும்பு நொறுங்கிச் சீழ் வச்சிருக்கு. மூட்டைத் திறந்து எலும்புச் சில்லை எடுத்தாகணும். கிழட்டு நாய், மயக்க மருந்துலேயே போனாலும் போயிரும். பொழைச்சாலும் ரெண்டு மாசம் பச்சைப் புள்ளை மாதிரி பாத்துக்கணும். ரோட்டு நாயை யாரு பாப்பா? துடிச்சுச் சாகறதுக்கு, ஊசி போட்டு முடிச்சிரலாம்" என்று கம்பவுண்டரிடம் சொன்னார்.

கம்பவுண்டர் ஊசியைக் கொதிக்கப் போட்டார். அந்தத் தண்ணீர் குமிழி விடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு சொல் சொன்னால் போதும். அதைச் சொன்னால் நான் பொய் சொன்னது எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்றுதான் அப்போதும் நினைத்தேன். இதை எழுதவே கை கூசுகிறது.

அப்போது அந்த மீசைக்காரர்தான் முன்னால் வந்தார். "டாக்டரய்யா, கொஞ்சம் பொறுங்க. நாய் இந்தப் புள்ளையோடதுதான். ரோட்டு நாய் இப்படிக் கால்மேல தலைய வச்சுக்கிட்டுக் கெடக்குமா? நான் கேலி பேசினதுல புள்ளை கூசிப் போச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லு ஆத்தா. வெக்கப்படுற நேரமா இது?" என்றார்.

"எங்க நாய்தாங்க" என்றேன். டாக்டருக்குக் கேட்கவில்லை. "என்னம்மா?" என்றார்.

"எங்க நாய்ங்க. நான் பாத்துக்கிறேன். ஆபரேஷன் பண்ணுங்க." சொல்லிவிட்டு அழுதேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது செவலை கட்டோடு மயங்கிக் கிடந்தது. வயிறு ஏறி இறங்கியது. மீசைக்காரர் நடந்ததைச் சொல்லவில்லை. "தைரியமான புள்ளைப்பா ஒங்க வீட்டுல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பசுவை ஓட்டிக்கொண்டு போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு குன்றிப்போயிருக்க மாட்டேன்.

கட்டைக் கடிக்காமலிருக்க, அடியை அறுத்த ஓலைப்பெட்டி ஒன்றை டாக்டர் சொன்னபடி செவலை கழுத்தில் மாட்டிவிட்டேன். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சங்கொஞ்சமாக நடத்தினேன். "பெட்டியோட எங்க, சம்பந்தம் பேசவா?" என்று ஊரே கேலி செய்தது. கொல்லையிலேயே நடத்தியிருக்கலாம். வேண்டுமென்றே தெருவில்தான் நடத்தினேன். வழியில் போகிறவர்கள் யார் நாய் என்று கேட்டால், "எங்க நாய்" என்பேன். எத்தனை தடவை சொல்லியும், முதலில் சொன்னது அழியவில்லை.

கால் மடங்கவில்லை, ஆனால் ஊன்றி நடந்தது. அதற்கப்புறமும் ரெண்டு வருஷம் கடலைக் காட்டுக்கு என்னோடு வந்தது. முன்னால் ஓட முடியாது. நான்தான் முன்னால் போய், திரும்பிப் பார்த்து, அது வந்து சேரும்வரை நிற்பேன்.

போன வருஷம் எனக்கு முழங்கால் மூட்டில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில், "இந்தப் பாட்டியோட ஆளு யாரு?" என்று நர்ஸ் கேட்டார். அவர் கேட்டு முடிக்குமுன் என் மருமகள் எழுந்து, "எங்க அத்தைங்க, நான் பாத்துக்கிறேன்" என்று சத்தமாகச் சொன்னாள். என் கண் கலங்கியதைப் பார்த்து, "ரொம்ப வலிக்குதா அத்தை?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாயில்லா ஜீவன் என் முகத்தைப் பார்த்துக் காத்துக்கிடந்தபோது நான் சொல்லாமல் விழுங்கின சொல், எனக்குக் கேட்காமலே கிடைத்ததே என்று இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.