‘நிறுத்துங்க’ என்று சொல்ல வைத்தவர்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி, தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாரடைப்பு. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அதற்கும் கீழே மேனேஜர் எழுதியிருந்தார்: பயிற்சி வீடியோ பார்க்காதவர்கள் மாலைக்குள் பார்த்து முடிக்கவும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெருங்களத்தூர் தாண்டி எங்கள் பிஸ்கட் கம்பெனியில் நானும் அக்காவும் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள். எதைச் சொல்லித் தரப்போகிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் எப்படி என்பதை அக்கா முடிவு செய்வார். கை கழுவும் முறைக்கு வீடியோ போதும் என்று அவரே செல்போனில் எடுத்துப் போட்டார். பாக்கெட்டைச் சூட்டில் ஒட்டும் சீலிங் மெஷினுக்கு மட்டும் நாடகம். யாருக்கும் தெரியாமல் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அவசரப்படுத்தும் சூப்பர்வைசராக மாறி, சிக்கிய கவரை எடுக்கக் கையை உள்ளே விடப் போவார். எதிரே நிற்கும் பெண் “நிறுத்துங்க மேடம்” என்று சொல்லும்வரை வகுப்பு முடியாது. பலருக்கு வாயே வராது. ஒருத்தி அழுதேவிட்டாள். அக்கா அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, மறுபடியும் நிற்க வைத்தார்.

புதிதாக வந்த மேனேஜருக்கு இது நேர விரயமாகப் பட்டது. எல்லாவற்றையும் வீடியோவாக்கி, கடைசியில் பத்துக் கேள்வி வைத்தால் போதும் என்றார். அக்கா அமைதியாகத்தான் சொன்னார்: “வீடியோவை யாரும் தடுக்க வேண்டியதில்ல சார். சூப்பர்வைசரத்தான் தடுக்கணும்.” மேனேஜர் சிரித்தார். நாடகம் அதோடு நின்றது.

அடுத்து வேலைக்கு வந்தவள் வள்ளி. பத்துக்குப் பத்து வாங்கியவள். சூப்பர்வைசர் அவசரப்படுத்த, ஓடும் மெஷினில் கையை விட்டாள். இரண்டு விரல் வெந்துபோனது. விசாரணையில் அந்த மதிப்பெண்ணையே காட்டி, தெரிந்தே செய்த தப்பு என்று எழுதினார்கள். “பதில் தெரியும் சார் அவளுக்கு. எதுத்துச் சொல்லத் தெரியல. அதச் சொல்லிக் குடுத்த கிளாஸ நாமதான நிறுத்திட்டோம்” என்றார் அக்கா. அதற்குப் பரிசு, சான்றிதழ் அச்சடிக்கும் மேசை. வீடியோ பார்த்தவர்களுக்கெல்லாம் சான்றிதழ் அச்சடித்தபடியே அவர் காலம் முடிந்தது. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் வள்ளி வீட்டுக்குப் போய்வருவார் என்பது சிட்லபாக்கத்தில் அவர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கேன்டீனில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். திரையில் அக்காவின் படம். மேனேஜர் குரலைத் தழைத்துக்கொண்டு, “நம்ம வீடியோ ட்ரெயினிங்க முதல்ல மனசார வரவேற்றதே எஸ்தர் மேடம்தான்” என்றார். நாக்கூசாமல் சொன்னார். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

பின்வரிசையில் வள்ளி எழுந்தாள். தோல் சுருங்கிய கையைத் தூக்கினாள்.

“நிறுத்துங்க சார்.”

மேனேஜர் நிறுத்தினார். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்தான். அவருடைய வகுப்பில் ஒரு நாளும் உட்காராதவள் அதைச் சொன்னாள்.