அம்மா குரலில் எண்ணிய கரடி

பேசும் பொம்மைக் கடையில் வேலை பார்த்தவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: நம் தொழிலில் முதலில் போவது காது, அடுத்தது தூக்கம்.

பதினோரு இருமல்

ராஜபாளையத்தில் எங்கள் கடைக்கு வரும் கரடிகள் இங்கிலீஷ் மட்டும்தான் பேசும். வயிற்று ஜிப்பைத் திறந்து, மெமரி கார்டை மாற்றி, நானே தமிழில் பேசிப் பதிந்து ஏற்றுவது என் வேலை. ஒன்று முதல் இருபது, ஐந்து நிறம், பிள்ளையின் பெயர். பதினேழு வயதுக்குள் எனக்கு வராத குரல் இல்லை. ஒரு நாள் முதலாளி அண்ணாச்சி குரலிலேயே எண்ணி, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அவர் இருமலையும் வைத்தேன். பதினோரு கரடிகளையும் அமுக்கிவிட்டு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அண்ணாச்சி மெதுவாக எழுந்தார்.

“ஏட்டி, நான் இங்கன நிக்கேன். அங்கன இருமுறது யாரு?”

ஐந்து நிமிடம்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து மில் வேலைக்கு வரும் அக்கா ஒருவர், மூன்று வயது மகளுக்குக் கரடி கேட்டார். “நான் ஷிப்டுக்கு வந்துட்டா அவகூடப் பேச ஆளில்ல.” காத்திருந்த ஐந்து நிமிடத்தில் அவர் குரலைப் பிடித்துவிட்டேன். கொஞ்சம் மூக்கால், முடிவில் ஒரு இழுப்பு. எண்களோடு கூடுதலாக, மகள் பெயரையும் சேர்த்து அதே குரலில் பதிந்தேன்: “தேவி, சாப்பிட்டியா தங்கம்? அம்மாட்ட வா.” கேட்டால் சிரிப்பார் என்று நினைத்தேன். ஆனால் தன் குரல் வெளியிலிருந்து வந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது, அவருக்கும் தெரியவில்லை. பத்து நாளில் அல்வாவோடு வந்தார்.

“இருபது வரைக்கும் எண்ணிட்டா! நான் எண்ணுற மாதிரியே எண்ணுதா... அதான் ஒரு மாதிரியா இருக்கு.”

கார்டு மாற்றப் போனேன்

அடுத்த மாதம் வந்தபோது கடைக்குள்ளேயே நுழையவில்லை. அவர் கூப்பிட்டால் பிள்ளை கரடியைத் திரும்பிப் பார்க்கிறதாம். கரடி கேட்டால்தான் வாய் திறந்து சோறு வாங்குகிறதாம். பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. “வா, வந்து மாத்திக் குடு,” என்று பஸ் ஏற்றினார்.

தேவி கரடியை விடவில்லை. அம்மா கேட்டார், தரவில்லை. நான் கேட்டேன், அசையவில்லை. பழக்கதோஷம், அந்தக் குரல் தானாக வந்துவிட்டது: “தேவி, அம்மாட்ட குடு தங்கம்.”

கரடியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் அம்மா நீட்டிய கையோடு நின்றார். பிள்ளை அவரைப் பார்த்துவிட்டு, என் துப்பட்டாவுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டாள்:

“அம்மா, அது யாரு?”

எத்தனையோ பேர் குரலைத் திருடியிருக்கிறேன். எப்படித் திருப்பிக் கொடுப்பதென்று தெரியாமல் முழித்தது அன்றைக்குத்தான்.